சைக்கிள் பையன் முதல் ஜம்போரி வரை... சாரணர் ஸ்டாம்ப் சேகரிக்கலாம், வாங்க!

ஸ்டாம்ப் கலெக்‌ஷன் என்றதும் 'அதெல்லாம் தாத்தா காலத்து ஹாபி' என்று நகர்ந்துவிடாதீர்கள். 'உலகத்து ஸ்டாம்ப் எல்லாம் வேணும்' என்று இறங்கினால்தான் பர்ஸ் காலி. ஒரே ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டால் செலவு குறைவு, கதை அதிகம். அப்படியொரு தலைப்புதான் சாரணர் இயக்கம், அதாவது ஸ்கவுட்ஸ்.

இயக்கத்துக்கு முன்பே வந்த ஸ்டாம்ப்!

பேடன் பவல் முதல் சாரணர் முகாமை நடத்தியது 1907-ல். ஆனால், இந்தக் கதை 1900-லேயே ஆரம்பித்துவிடுகிறது. தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் நகரம் போரில் 217 நாள்கள் முற்றுகையில் சிக்கியது. அங்கே சிறுவர் படையினர் சைக்கிளில் தபால் கொண்டுபோனார்கள். அப்படி ஒரு பையனின் படத்தோடு நீல நிறத்தில் 1 பென்னி ஸ்டாம்ப் வந்தது. நகரைக் காத்த பேடன் பவலின் முகம் 3 பென்னி ஸ்டாம்ப்பில்!

அடுத்து, 1918 நவம்பர். செக்கோஸ்லோவாக்கியா பிறந்து சில நாள்களே ஆகியிருந்தன. தலைநகர் பிராகில் புதிய அரசின் கடிதங்களைச் சாரணர்களே சுமந்தார்கள். அதற்கென அச்சான ஸ்டாம்ப்புகள் இரண்டு: 10 ஹாலர் நீலம், 20 ஹாலர் சிவப்பு.

எதை முதலில் வாங்கலாம்?

மேலே சொன்ன இரண்டிலும் போலிகள் ஏராளம். நிபுணர் சான்றிதழ் இல்லாமல் ஆன்லைனில் 'ஒரிஜினல்' என்று வந்தால் தொடாதீங்க. இவற்றிலிருந்து தொடங்குங்கள்:

* இந்தியா, 1970: பெண் சாரணியர் வைரவிழா, 20 பைசா.
* இலங்கை, 1962: சாரணர் பொன்விழா, 35 சென்ட்.
* அமெரிக்கா, 1950: 3 சென்ட். 1960: ஓவியர் நார்மன் ராக்வெல் வரைந்த 4 சென்ட்.
* பிரிட்டன், 1957: ஜம்போரி எனும் உலகச் சாரணர் கூடலுக்கு வந்த மூன்று ஸ்டாம்ப்புகள்.

கொஞ்சம் பழகிய பிறகு, 1933-ல் ஹங்கேரி வெளியிட்ட, துள்ளும் மான் போட்ட ஜம்போரி செட்டைத் தேடலாம்.

பின்பக்கத்தைப் பாருங்க!

1960-70களில் ஷார்ஜா, அஜ்மான் பெயரில் பளபளக்கும் சாரணர் செட்கள் குவிந்தன. பெரும்பாலும் ஆல்பத்துக்காகவே அச்சானவை. மூலையில் அழகாக முத்திரை, பின்பக்கம் பசை அப்படியே இருக்கிறதா? அந்த ஸ்டாம்ப் எந்தக் கடிதத்திலும் பயணித்ததில்லை. அழகுக்காக வாங்கலாம், 'அரிய பழசு' என்று கூடுதல் காசு மட்டும் கொடுக்காதீங்க.

அதே ஸ்டாம்ப் முகவரியோடும் முத்திரையோடும் பழைய கவரில் ஒட்டியபடி கிடைத்தால், பிரித்தெடுக்காதீங்க. கவரோடு இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

பத்திரம்!

செலோடேப், ஃபெவிகால் வேண்டவே வேண்டாம். நுனி தட்டையான ஸ்டாம்ப் இடுக்கியால் எடுத்து, ஸ்டாக் புக்கில் செருகுங்கள். புத்தகத்தை ஈரம் படாத இடத்தில் நிற்கவைத்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளாது.

இனி ஒரு சாரணர் ஸ்டாம்ப் கையில் கிடைத்தால், விலைக்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: 'நீ கடிதம் சுமந்திருக்கியா?' உங்கள் கலெக்‌ஷனின் தரம் அங்கேதான் இருக்கிறது.