நடுகல் கிடைக்காதவர்கள்

சாம் பெக்கின்பா இயக்கி 1969இல் வெளிவந்த ‘தி வைல்ட் பன்ச்’ படத்தில் ஒரு சிறிய காட்சி உண்டு. கொள்ளைக் கூட்டத்தின் தலைவன் பைக் பிஷப் குதிரையில் ஏற முயல்கிறான். அங்கவடி அறுந்து மண்ணில் விழுகிறான். கூட்டத்தாரே அவனை ஏளனம் செய்கின்றனர். பழைய காயத்தின் வலியோடு எழுந்து, பதில் பேசாமல் மீண்டும் ஏறி முன்னே செல்கிறான். கதை நிகழும் ஆண்டு 1913. மோட்டார் வண்டியும் இயந்திரத் துப்பாக்கியும் வந்துவிட்டன. இப்படத்தின் இறுதிச் சண்டையைப் பற்றியே பலரும் எழுதியிருக்கின்றனர். நமக்கென்னவோ அந்த வீழ்ச்சிதான் படத்தின் மையமாகப் படுகிறது. ஆயுதத்தை நம்பி வாழ்ந்தவன் போரில் சாகாமல் முதுமை எய்திவிட்டால் அவனுக்கு என்ன நேர்கிறது?

இக்கேள்வியைக் குன்றாண்டார்கோவிலில் நின்றும் கேட்கலாம். எட்டாம் நூற்றாண்டுக் குடைவரையின் முன்னே, குதிரைகள் இழுக்கும் தேராகப் பிற்காலத்தில் எழுப்பப்பட்ட மண்டபம் அங்கே நிற்கிறது. கற்குதிரைகள் பாய்ந்த நிலையிலேயே உறைந்துவிட்டன. குளத்தூர்ச் சீமையைச் சேர்ந்த இவ்வூர், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தொண்டைமான்களின் குளத்தூர்க் கிளையின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த பகுதியில் உள்ளது. சுற்றிலும் வானம் பார்த்த பூமி. வேலும் வாளும் ஏந்துவது இங்கே வீரம் மட்டுமன்று, பிழைப்பும்கூட.

நம் மரபு மாண்டவனைப் பாடத் தெரிந்த மரபு. புறநானூறும் நடுகற்களும் அதற்குச் சான்று. புதுக்கோட்டைக்கு அருகே பொற்பனைக்கோட்டையில் கிடைத்த தமிழ்பிராமி எழுத்துள்ள நடுகல்லும் ஆநிரைப் பூசலில் வீழ்ந்தவனுக்காக எடுக்கப்பட்டதே. உயிரோடு திரும்பியவனுக்குக் கல் இல்லை. அவனைத் தேட வேண்டிய இடம் வேறு: காவல் உரிமைச் சாசனங்கள், நிலக் கணக்குகள்.

பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளின் புதுக்கோட்டைக் கல்வெட்டுகள் பாடிகாவல் பற்றி நிறையப் பேசுகின்றன. ஊரார் தம் பயிரையும் வழிப்போக்கரையும் காக்கும் உரிமையை அரையர்களுக்கு விற்றனர். ஈடாக விளைச்சலில் பங்கு தந்தனர். காப்பவனே கொள்ளையடிக்கவும் வல்லவன் என்பது இரு தரப்பும் அறிந்த உண்மை. தொண்டைமான்களின் காலத்தில் இவ்வமைப்பின் இன்னொரு வடிவமாக அமரம் விளங்கியது. அமர் என்றால் போர். போருக்கு அழைத்தால் வர வேண்டும், அதற்கு மானியமாக நிலம். இந்நிலம் பெற்ற அமரக்காரர்கள் சேர்வைக்காரர்களின் கீழ் அணி திரண்டனர். 1750களின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளி முற்றுகைக் காலத்தில் கும்பினியார் பக்கம் நின்றது தொண்டைமான் படை.

1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியாரிடம் ஒப்படைத்தவர்களும் தொண்டைமானின் ஆட்களே. அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார். இந்நிகழ்வைத் துரோகம் என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துவிடுவது நம் மேடைகளின் வழக்கம். பெக்கின்பாவின் படத்தில் டீக் தார்ன்டன் என்றொருவன் வருகிறான். பைக்கின் பழைய கூட்டாளி. சிறையிலிருந்து வெளியே வருவதற்கு விலையாக, ரயில்வே நிறுவனத்திற்காகத் தன் நண்பர்களையே வேட்டையாடுகிறான். அவன் சிறைக்கைதி, தொண்டைமானோ அரசர். ஒப்புமை அவ்வளவு தூரம் செல்லாது. ஆனால் தான் யாரைப் பிடிக்கிறானோ அவனோடு தன் காலமும் முடிகிறது என்ற இடத்தில் இருவரும் ஒன்றே. 1801இல் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு முடிவதற்குள் தென்சீமைப் பாளையங்களில் ஆயுதங்களைப் பறிக்கவும் கோட்டைகளை இடிக்கவும் ஆணை வந்தது. நட்பரசான புதுக்கோட்டை தப்பியது. 1803இல் கீழாநிலைக் கோட்டையும் பரிசாகக் கிடைத்தது. அதன் பின் போரே இல்லை.

போர் இல்லாத அமரக்காரன் என்ன செய்வான்? அரண்மனைக் காவல் நிற்பான், தசரா ஊர்வலத்தில் ஆயுதம் தாங்கி நடப்பான். நிலம் இருந்தது, அதற்குரிய கடமை மெல்ல வேடமாக மாறியது. திவான் சேஷையா சாஸ்திரி 1888இல் செய்த இனாம் சீர்திருத்தம் அவ்வேடத்தையும் களைந்தது. படைச் சேவைக்கு ஈடாக இருந்த நிலம் வரி செலுத்தும் சொந்த நிலமாயிற்று. நிர்வாக நோக்கில் நியாயமான செயல்தான். ஆயினும் ஒரு மனிதன் தன்னை யார் என்று சொல்லிக்கொள்ள வைத்திருந்த சொல் அன்று கணக்கேட்டிலிருந்து நீங்கியது. நிக்கோலஸ் டர்க்ஸ் 1987இல் வெளிவந்த தம் நூலில் இம்மாற்றத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

எல்லைக்கு அப்பால் நிலைமை கொடிது. சென்னை மாகாணத்தில் காவல் உரிமையே குற்றமாகக் கருதப்பட்டது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீசார் சுட்டனர். சமஸ்தானத்தில் அதே தொழிலின் வாரிசுகளுக்கு நிலமாவது மிஞ்சியது.

பெக்கின்பா இதற்கு முன்பே, 1962இல், ‘ரைட் தி ஹை கன்ட்ரி’ படத்தை எடுத்திருந்தார். சுரங்கத்துத் தங்கத்தை வங்கிக்குக் காவலோடு கொண்டுவரும் வேலை முன்னாள் சட்டக் காவலர் ஸ்டீவ் ஜட்டுக்குக் கிடைக்கிறது. நம் சொல்லில் அதுவும் பாடிகாவலே. நைந்த சட்டைக்கை முனையோடு வங்கிக்கு வரும் அவர், ஒப்பந்தத்தைப் படிக்கக் கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு மூக்குக்கண்ணாடியை அணிகிறார். கண் மங்கியதை முதலாளிகள் அறிந்தால் வேலை போய்விடும்.

அமரக்காரர்களிலும் கண் மங்கியவர்கள் இருந்திருப்பார்கள். ஈட்டியின் எடை தாங்காமல் ஊர்வலத்தில் பின்தங்கி, இளையவர் சிரிப்பைக் கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி நமக்குக் கல்வெட்டில்லை. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானமே இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. சேர்வை என்ற சொல் மட்டும் சிலருடைய பெயரின் பின்னே இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.