நாம் சிரித்தது எதற்கு?

1996-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த ‘அவ்வை சண்முகி’யைக் கண்டு நாம் வயிறு குலுங்கச் சிரித்தோம். மணமுறிவால் மகளைப் பிரிந்த தந்தை, முதிய மாமியாய் வேடமிட்டு அவளைப் பேணும் பணியில் சேர்கிறான். 1993-இல் வந்த ‘மிசஸ் டவுட்ஃபயர்’ என்னும் ஹாலிவுட் படத்தின் வழி வந்த கதை இது. பெயரோ, மேடையில் அவ்வையாராகவே வாழ்ந்த டி. கே. சண்முகத்தை நினைவூட்டுவது. ஆண்களே பெண் வேடம் புனைந்த நாடகக் கம்பெனிகளின் மரபு அதில் தொடர்கிறது.

மடிசார் கட்டிய கமல்ஹாசன் சமைத்தார், குழந்தையைப் பேணினார், அரங்கம் கைதட்டியது. அப்பணிகளையே நாள்தோறும் ஆற்றும் நம் அன்னையருக்கு நாம் என்றேனும் கைதட்டியதுண்டா? முதியவர்கள் மாமியைத் துரத்தியபோதும் சிரித்தோம்; உள்ளிருப்பவர் ஆண் என்பதை அறிந்திருந்தோம் அல்லவா! வேலைக்கு வந்த பெண்ணொருத்திக்கு அதே தொல்லை நேர்ந்தால் அது நகைச்சுவையாகுமா? வேடதாரி வேடத்தைக் கலைத்துத் தப்பலாம். அவள் எதைக் கலைப்பாள்?