வீட்டேட்டில் எழுதிய வியாதிகள்

ஜித்தா நகரத்தின் பழைய மதில் இருந்த இடத்துக்கு வடபுறம் அமைந்து, தமிழும் மலையாளமும் தெருவெங்கும் ஒலிக்கும் ஷரஃபியாவில் இன்று அறையெடுத்துத் தங்கியிருக்கும் காயல்பட்டினத்தாருக்கும் கீழக்கரையாருக்கும் அவ்விடம் பிழைப்புக்கு வந்த ஊராகவே தோன்றும். அவர்களுடைய முப்பாட்டனார் காலத்திலோ ஜித்தா மக்கத்து யாத்திரையின் துறைமுகம், போனவர் திரும்புவாரா என்று வீட்டிலுள்ளோர் மாதக்கணக்காய் ஏங்கியிருந்த கரை. திரும்பாதவரைக் குறித்து வீட்டேட்டில் ஓரிரு வரிகள் எழுதி வைத்தார்கள்: பெயர், நாள், இடம், அப்புறம் வியாதியின் பெயர். சில வீடுகளில் அவ்வரி அரபுத்தமிழில், அதாவது அரபு லிபியில் எழுதிய தமிழில், இருக்கும். அந்தக் கடைசிச் சொல்லைச் சரியாகப் படிப்பது குடும்ப சரித்திரம் எழுதுவோருக்குரிய கடமைகளுள் மிகவும் கடினமானது என்பது என் அபிப்பிராயம்.

வியாதியைப் படிக்கப் புகுமுன் காலத்தைப் படிக்க வேண்டும். ஹிஜ்ரி 1281 துல்ஹஜ் என்று ஒருவர் எழுதியதும், குரோதன வருஷம் சித்திரை என்று மற்றொருவர் எழுதியதும், கொல்லம் 1040 என்று தென்பாண்டி நாட்டார் எழுதியதும் 1865-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. அந்த ஆண்டின் ஹஜ்ஜில்தான், கூடியிருந்த சுமார் 90,000 யாத்திரிகர்களில் 15,000 பேர் காலராவுக்கு இரையானதாக மதிப்பிடப்பட்டது. நோய் சூயஸ் வழியாக ஐரோப்பாவுக்குப் பரவவே, 1866-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் தேசங்களின் சுகாதார மகாநாடு கூடிற்று. ஆகவே 1865-ஆம் ஆண்டின் துல்ஹஜ் மாதத்து வரியில் ‘வாந்திபேதி’ என்று கண்டால் காலரா என்று கொள்வதற்கு வலுவான நியாயம் உண்டு. பஞ்சமோ கொள்ளைநோயோ இல்லாத வேறோர் ஆண்டில், சொந்த ஊரிலே இறந்த ஒருவரின் பெயருக்கெதிரே அதே சொல் நின்றால் அவ்வளவு துணிவாகச் சொல்ல இடமில்லை. காலராக் கிருமியை ராபர்ட் கோக் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து நிலைநாட்டியது 1883, 1884-ஆம் ஆண்டுகளில். அதற்கு முன் எழுதியவர்கள் கண்ணால் கண்ட லக்ஷணத்தையே நோயின் பெயராக எழுதினார்கள்.

எழுதிய கைக்கும் ஒரு நோக்கம் இருந்தது. 1882-இல் துருக்கி அரசாங்கம் செங்கடலின் தென்பகுதியில் கமரான் தீவில் நோய்த்தடுப்புக் காவல் நிலையம் அமைத்து, இந்தியாவிலிருந்து வரும் யாத்திரிகர்களை அங்கே இறக்கி நாட்கணக்கில் நிறுத்தி வைத்தது. கப்பலில் காலரா என்று தெரிந்தால் அத்தனை பேருக்கும் காவல் நீளும். ஆகையால் சாதாரண பேதி என்றோ சுரம் என்றோ எழுதிவிடத் தூண்டுதல் இருந்தது. தாய்நாட்டிலும் நிலைமை மேலானதன்று. சர்க்காரின் மரணக் கணக்கில் காலரா, வைசூரி, சுரம், வயிற்றுக் கோளாறு முதலிய சில தலைப்புகளே இருந்தமையால், கணக்கெழுதியவர் பெயர் தெரியாத நோய்களையெல்லாம் சுரத்தின் கீழே தள்ளிவிட்டார்.

இவ்வேடுகளில் மிகவும் ஏமாற்றுகிற சொல் ‘சிலந்தி’. காலில் சிலந்தி கண்டு மூன்று மாதம் கிடந்து மௌத்தானார் என்ற வகையில் ஒரு குறிப்பைப் படிக்கும் பேரன், பாட்டனாரைச் சிலந்திப்பூச்சி கடித்ததென்று எண்ணிக்கொள்வான். சிலந்தி என்பது புண்ணுக்கும் கட்டிக்கும் பெயர். நரம்புச் சிலந்தி என்பதோ தோலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும் நூல் போன்ற புழு. படிக்கட்டு வைத்த குளங்களிலும் தேக்கி வைத்த நீரிலும் வாழும் நுண்ணிய பூச்சியை நீரோடு விழுங்கியவருக்குச் சுமார் ஓராண்டு கழித்து, பெரும்பாலும் காலில், கொப்புளம் எழும்பி உடையும். இரண்டு மூன்று அடி நீளமுள்ள புழுவை ஒரு குச்சியில் சுற்றி நாள்தோறும் சிறிது சிறிதாக இழுப்பார்கள். நடுவில் அறுந்தால் புண் புரையோடி உயிருக்கே ஆபத்தாகும். மேனாட்டு விஞ்ஞானிகள் அப்புழுவின் பெயரிலேயே மதீனா நகரத்தைச் சேர்த்து வைத்தார்கள். எனவே இப்படி ஒரு குறிப்பைக் கண்டால், அதற்கு ஓராண்டு முன்பு அந்த மனிதர் எங்கே நீர் குடித்தார் என்று கேட்க வேண்டும். அவர் யாத்திரை போயிருக்கலாம். ஊர்க் குளத்திலேயே குடித்திருக்கவும் கூடும், ஏனெனில் நம் நாட்டிலும் அந்நோய் வெகுகாலம் இருந்து, 2000-ஆம் ஆண்டில்தான் இந்தியாவில் அற்றுப்போனதாக உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. ஜித்தாவோ தலைமுறை தலைமுறையாக மழைநீர்த் தொட்டிகளையும் உவர்க் கிணறுகளையும் நம்பியிருந்த நகரம். வாதி ஃபாத்திமா என்னும் பள்ளத்தாக்கின் ஊற்றுநீர் குழாய் வழியே அங்கே வந்து சேர்ந்தது 1947-இல்.

ராஜபிளவை என்று முதுகுக் கட்டியைக் குறித்திருந்தால் நீரிழிவு அக்குடும்பத்தில் ஓடியதா என்று விசாரிப்பது தகும். மகோதரம் வயிற்றில் நீர் கோத்ததைச் சொல்லுமே தவிர, கெட்டது ஈரலா வேறோர் உறுப்பா என்று சொல்லாது. சன்னி என்றால் பிதற்றலோ வலிப்போ கண்ட கடும் நிலை. அதன் பின்னே விஷக்காய்ச்சலும் இருக்கலாம், நுரையீரல் அழற்சியும் இருக்கலாம். பிரசவத்தையடுத்து அச்சொல் வருமாயின், அத்தாயின் பெயரையாவது அந்த ஏடு சொல்கிறதா என்று முதலில் பாருங்கள்; பல ஏடுகள் சொல்வதில்லை, எனக்கு அது பெரிய அநீதியாகப் படுகிறது. இச்சொற்களுக்குப் பொருள் தேடுவோருக்கு, போலீஸ் இலாகாவில் உத்தியோகம் பார்த்த டி. வி. சாம்பசிவம் பிள்ளை 1931 முதல் வெளியிட்ட வைத்திய அகராதியைப் போல உதவும் துணை வேறில்லை.

வளைகுடாவில் வாழும் நண்பர்கள் விடுமுறைக்கு ஊர் போகும்போது பீரோவிலிருக்கும் அந்த ஏட்டை எடுத்துப் பாருங்கள். பக்கங்களைப் படம் பிடித்து, அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த முதியவர் இருக்கும்போதே அவரைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்யுங்கள். பெயர்த்தெழுதும்போது ‘வாந்திபேதி’ என்றிருப்பதை அழித்துக் காலரா என்று திருத்தாதீர்கள். அவர்கள் எழுதிய சொல்லை எழுதியபடியே வைத்து, உங்கள் ஊகத்தை அதன் பக்கத்தில் தனியே, இன்னார் கருத்து என்று குறித்து எழுதுங்கள்.