வங்கக் கடலுக்கு அடியில் ஒரு படம்

2004 டிசம்பர் 26 அன்று சென்னையில் சுனாமி கடலோரத்தோடு நின்றது. அம்பத்தூருக்கோ ஆவடிக்கோ பூந்தமல்லிக்கோ கடல் வரவில்லை. ஆனால் இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே பாறை உடைந்தபோது கிளம்பிய அதிர்வலைகள், சில நிமிடங்களில் அந்தப் புறநகர்களின் அடியையும் கடந்து சென்றன.

அவற்றைப் படிக்கும் வித்தைக்கு இந்தியா தந்த பங்கு பெரியது. 1897 ஜூன் 12 அசாம் பூகம்பத்தை ஆராய்ந்தவர், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஆர்.டி. ஓல்டாம். தொலைதூரக் கருவிகளில் முதலில் வரும் அலை, இரண்டாவது அலை, மேற்பரப்பு அலை என மூன்றையும் பிரித்துக் காட்டியவர் அவர். 1906-ல் அதே வழியில் பூமிக்கு மையக்கரு உண்டு என்றும் காட்டினார். அபாரமான பாய்ச்சல் அது! 1899-ல் கொடைக்கானலிலும் நில அதிர்வுமானி வந்தது.

இந்த அலைகளே வங்கக் கடலின் அடியையும் காட்டுகின்றன. அந்தமான் தீவுகளுக்கு மேற்கே இந்தியத் தட்டு கிழக்கு நோக்கிச் சரிந்து இறங்குகிறது. குளிர்ந்த அந்தப் பாறைக்குள் அலைகள் விரைகின்றன. சூடான பகுதியில் தாமதிக்கின்றன. பல நிலையங்களில் பதிவான வேறுபாடுகளைச் சேர்த்து, மருத்துவமனை ஸ்கேன் போலவே உள்ளமைப்பை வரைகிறார்கள்.

பழைய பதிவுகளும் பேசும். 1881 டிசம்பர் 31 கார் நிக்கோபார் பூகம்பம் எழுப்பிய சிறு சுனாமியை வங்கக் கடலோர அலைமானிகள் பதிவு செய்தன. அந்தப் பதிவுகளைக் கொண்டு 2003-ல் அந்தப் பிளவின் அளவைக் கணித்தார்கள். அலுவலகங்களில் கிடக்கும் பழைய பதிவுச் சுருள்களை யாரும் குப்பைக்கு அனுப்பிவிடக் கூடாது.