குளிர்ந்த சுரங்கம், குளிரூட்டாத பெட்டி: கொல்கத்தா மெட்ரோவின் முதல் தலைமுறை ரயில்கள்

2021 அக்டோபர் 24 அன்று கொல்கத்தா மெட்ரோ தன் குளிரூட்டப்படாத ரயில்களுக்கு விடைகொடுத்தது. 37 ஆண்டுகளுக்கு முன், 1984இல் இதே நாளில்தான் எஸ்பிளனேடுக்கும் பவானிப்பூருக்கும் இடையே 3.4 கிலோமீட்டர் தொலைவுக்கு இந்தியாவின் முதல் நிலத்தடி ரயில் ஓடியது. பிறந்த நாளையே ஓய்வு நாளாகவும் நிர்வாகம் தேர்ந்துகொண்டது. மகாநாயக் உத்தம் குமார் நிலையத்தில் பிரிவு விழா நடந்தது. பழைய படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள்.

அந்த ரயில்களில் போய்வந்தவர்களின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வருபவை இரண்டு: சுரங்கத்துக்குள் பெட்டியை நிறைத்த இரைச்சல், முகத்தில் அறைந்த காற்று. இவற்றை இளமைக்கால ஏக்கம் என்று ஒதுக்கிவிடுவது வரலாற்று எழுத்தில் வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் பிழையானது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. காற்றும் இரைச்சலும் 1970களில் எடுக்கப்பட்ட ஒரு பொறியியல் முடிவின் நேரடி விளைவுகள். பெட்டியைக் குளிர்விக்காமல் சுரங்கத்தையே குளிர்விப்பது என்பதே அம்முடிவு. பயணிகளின் உடல் நினைவில் தங்கியிருப்பது அந்தத் திட்டவரைவுதான்.

நகரத்தைப் பிளந்த பள்ளம்

கொல்கத்தாவுக்கு நிலத்தடி ரயில் வேண்டும் என்ற எண்ணத்தை 1949இல் முன்வைத்தவர் மேற்கு வங்க முதல்வர் பிதான் சந்திர ராய். பிரெஞ்சு வல்லுநர்கள் வந்து அளந்து பார்த்தும் வேலை நகரவில்லை. 1969இல் ரயில்வே தனித் திட்ட அமைப்பு ஒன்றை உருவாக்கியது. சோவியத் வல்லுநர்களின் உதவியோடு 1971இல் வகுத்த பெருந்திட்டம் ஐந்து தடங்களில் 97.5 கிலோமீட்டரைக் காட்டியது. அதில் தம்தம் முதல் டாலிகஞ்ச் வரையிலான 16.45 கிலோமீட்டருக்கு முதலில் ஒப்புதல் கிடைத்தது. 1972 டிசம்பர் 29 அன்று இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார்.

பிறகு வந்தவை பள்ளங்கள். தடத்தின் பெரும்பகுதி மேலிருந்து தோண்டி, பெட்டிபோலக் கான்கிரீட் கட்டி, மறுபடி மூடும் முறையில் அமைந்தது. ஷ்யாம்பஜாருக்கும் பெல்காச்சியாவுக்கும் இடையே கால்வாயும் ரயில்வே யார்டும் குறுக்கிட்டதால் அங்கு மட்டும் பூமிக்குள் துளைத்துச் செல்ல வேண்டியிருந்தது. நெரிசலான சாலைகளின் அடியில் கிடந்த குடிநீர், கழிவுநீர்க் குழாய்களையும் மின்கம்பிகளையும் இடம் மாற்றியாக வேண்டும். நீதிமன்றத் தடைகள், நிதிப் பற்றாக்குறை, பொருள்கள் நேரத்துக்கு வந்து சேராமை என இடையூறுகள் அடுக்கடுக்காக வந்தன. ஒரு தலைமுறைக் கொல்கத்தாவாசிகளுக்கு மெட்ரோ முதலில் அறிமுகமானது ரயிலாக அன்று, வீட்டெதிரே கிடந்த குழியாக.

திறப்பும் துண்டு துண்டாகவே நடந்தது. 1984 நவம்பரில் வடக்கே தம்தம்–பெல்காச்சியா இடையே சின்னஞ்சிறு தடம் ஒன்று திறந்தது. மற்ற பகுதியோடு தொடர்பில்லாத அந்தத் தடத்தில் பயணிகள் ஏறாததால் 1992இல் மூடி, 1994இல் ஷ்யாம்பஜார் வரை நீட்டித்து மீண்டும் திறந்தார்கள். தெற்கே 1986 ஏப்ரலில் டாலிகஞ்ச் வரை வண்டி போயிற்று. நடுவில் விட்டுப்போன மகாத்மா காந்தி சாலைப் பகுதி 1995 செப்டம்பர் 27 அன்று இணைந்த பிறகே தம்தமில் ஏறியவர் டாலிகஞ்சில் இறங்க முடிந்தது. பழைய ரயிலை ஒருவர் எப்படி நினைவில் வைத்திருக்கிறார் என்பது அவர் வடக்கில் வாழ்ந்தாரா தெற்கில் வாழ்ந்தாரா என்பதைப் பொறுத்து மாறும். தெற்கின் நினைவு பத்தாண்டு மூத்தது.

பெரம்பூரில் பிறந்தவை

அந்த ரயில்களின் பெட்டிகள் சென்னைப் பெரம்பூரில் உள்ள ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் கட்டப்பட்டவை. மின் கருவிகளைத் தந்தது பெங்களூரின் என்.ஜி.இ.எஃப். நிறுவனம். தமிழ் வாசகர்களில் பலர் அறியாத செய்தி இது. அறிந்திருக்க வேண்டிய செய்தியும்கூட.

ஸ்விட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு உருவான ஐ.சி.எஃப்.பை 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கிவைத்தார். நீண்ட தூர ரயில்களுக்கான எஃகுப் பெட்டிகளில் தொடங்கி, 1960களில் புறநகர் மின்தொடர் வண்டிகளுக்கும் அது நகர்ந்திருந்தது. நிலத்தடிப் பெட்டி அவை இரண்டிலிருந்தும் வேறுபட்டது. தலைக்கு மேல் மின்கம்பி கிடையாது; தரையோடு செல்லும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் நேர்மின்சாரத்தை எடுக்க வேண்டும். கதவுகள் தாமாகத் திறந்து மூட வேண்டும். நிற்பவர்களுக்கு இடம்விட்டு, சுவரோரமாக நீளவாக்கில் இருக்கை போட வேண்டும். நாட்டில் அதற்கு முன்மாதிரி எதுவும் இல்லை. மெட்ரோ ஓட்டிய அனுபவமுள்ள நாடு ஒன்றிலிருந்து ரயிலை அப்படியே வாங்கி ஓட்டுவது அன்றைய கொள்கைக்கு ஒவ்வாதது. ரயில்வேயே பாதை போட்டது, ரயில்வே தொழிற்சாலையே பெட்டி கட்டியது, ரயில்வேயே வண்டியை ஓட்டியது. அதனால்தான் மற்ற நகர மெட்ரோக்கள் பலவற்றில் இல்லாத 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையைக் கொல்கத்தாவில் கண்டு யாரும் வியப்பதில்லை. பின்னால் டெல்லி மெட்ரோவின் முதல் தடங்களும் அந்த அகலத்தில் அமைந்தன. ஆனால் 2002இல் அங்கு ஓடிய முதல் ரயில்கள் தென் கொரியாவிலிருந்து வந்தவை.

இந்த ஒப்பீடு இன்னும் கூர்மையாவது சென்னையில். 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு–ஆலந்தூர் இடையே சென்னை மெட்ரோ ஓடத் தொடங்கியபோது, அல்ஸ்டாம் நிறுவனத்தின் முதல் சில ரயில்கள் பிரேசிலில் தயாராகிக் கப்பலில் வந்திருந்தன. மற்றவை ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் உருவாயின. நாட்டின் முதல் நிலத்தடி ரயில் பெட்டியைக் கட்டிய நகரம், தன் நிலத்தடிக்கான முதல் பெட்டிகளைக் கடல் கடந்து வரவழைத்தது. 30 ஆண்டுகளில் ரயில் தொழில்நுட்பச் சந்தை மாறிய விதத்தைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

சுரங்கத்தைக் குளிர்வித்தல்

கொல்கத்தாவின் வெயிலைவிடக் கொடியது அதன் ஈரப்பதம். ரயில் ஓடும்போது மோட்டாரும் பிரேக்கும் வெப்பத்தை உமிழும். மூடிய சுரங்கத்தில் அந்த வெப்பம் எங்கும் போகாது. இதற்கு வகுத்த வழி, நீரில் கழுவிக் குளிர்வித்த காற்றை நிலையங்களில் பெருமளவு செலுத்தி, சுரங்கங்களின் இடைவழியில் வெளியேற்றுவது. நடைமேடையில் குளிர்ச்சி இருக்கும். அங்கிருந்து சுரங்கத்துக்குள் நகரும் காற்றை ஓடும் ரயில் முன்னால் தள்ளி, பின்னால் இழுக்கும். பெட்டிக்குத் தனிக் குளிரூட்டி இல்லை; சுரங்கத்துக் காற்றை உள்ளே விட்டுக்கொள்வதே அதற்குப் போதும் என்று கருதினார்கள். பெட்டிக்குக் குளிரூட்டி வைத்தால் அது வெளித்தள்ளும் வெப்பத்தையும் சுரங்கம்தான் சுமக்க வேண்டும். அன்றைய கணக்கில் இது சிக்கனமும் அறிவும் சேர்ந்த தீர்வு.

அதற்குரிய விலை இரைச்சல். காற்று வரும் வழியில் ஒலியும் வரும். கான்கிரீட் சுவர்களில் எதிரொலித்த சக்கரச் சத்தம் பெட்டியை நிறைத்தது. அடுத்த நிலையம் வரும்வரை பேச்சை நிறுத்திக்கொண்ட பயணிகள், வண்டி நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். சௌரங்கியின் மே மாத வெயிலிலிருந்து படியிறங்கி வந்தவருக்கு நடைமேடைக் குளிர்ச்சி ஒரு கொடையாகவே இருந்தது. கூடவே ரவீந்திர சதன் நிலையச் சுவர்களில் தாகூரின் ஓவியங்களும் கையெழுத்துகளும், நடைமேடைத் தொலைக்காட்சிகள், எச்சில் துப்பாத, புகை பிடிக்காத தூய்மை. மேலே சிதைந்துகொண்டிருப்பதாகச் சொல்லப்பட்ட நகரத்தின் அடியில் ஒழுங்கு குலையாத இன்னொரு நகரம் இருந்தது. பழைய ரயிலின் மீதான பாசத்தில் இந்தப் பெருமிதத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

இந்த ஏற்பாடு குலைந்தது எப்போது? பெட்டிகள் பழசானதை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது என்பது என் கருத்து. 2009 ஆகஸ்டில் தடம் டாலிகஞ்சைத் தாண்டித் தெற்கே நீண்டபோது அது தூண்களின் மேல் ஏறியது. 2010 அக்டோபரில் நியூ கரியா வரை போயிற்று. சுரங்கக் குளிர்ச்சியை நம்பி வடிவமைத்த பெட்டி திறந்த வெயிலில் ஓட வேண்டியதாயிற்று. குளிர்வித்த காற்று அங்கே கிடையாது. இரும்புக் கூரை காய்ந்தது. தடம் நீண்டதால் கூட்டமும் பெருகியது. அதே 2010 அக்டோபரில் குளிரூட்டப்பட்ட ரயில்கள் ஓடத் தொடங்கின. அவையும் பெரம்பூரில் கட்டப்பட்டவையே. அடுத்த ஆண்டு காந்தப் பட்டைப் பயணச்சீட்டு போய் டோக்கன் வந்தது.

அதன்பின் பதினோரு ஆண்டுகள் இரண்டு வகையும் ஒரே தடத்தில் மாறி மாறி வந்தன. கோடையில் பழைய ரயில் வந்து நின்றால் ஏறாமல் அடுத்ததற்குக் காத்திருந்தவர்கள் உண்டு. பின்னாளில் ‘நம் பழைய ரயில்’ என்று உருகியவர்களில் சிலராவது அப்படிக் காத்திருந்தவர்களாக இருப்பார்கள். இது முரண்பாடு ஆகாது. அன்றாடத் தேவையாக இருக்கும்வரை ஒரு பொருளைச் சகித்துக்கொள்கிறோம்; அதன் இடம் காலியாகும்போதுதான் அது நம் வாழ்வின் எந்தப் பகுதியைத் தாங்கியிருந்தது என்று தெரிகிறது.

புதியவை தந்த அதிர்ச்சியும் பழையவற்றின் மீதான நினைவைக் கூட்டியது. 2018 டிசம்பர் 27 அன்று ரவீந்திர சதனுக்கும் மைதானுக்கும் இடையே குளிரூட்டப்பட்ட ரயில் ஒன்றில் தீப்பற்றிப் புகை சூழ்ந்தது. மூடிய பெட்டிக்குள் மூச்சுத் திணறியவர்கள் சன்னல் கண்ணாடியை உடைக்க வேண்டியிருந்தது. 2019 ஜூலை 13 அன்று பார்க் ஸ்ட்ரீட் நிலையத்தில் புதிய வகை ரயிலின் கதவில் கை சிக்கிய முதியவர் ஒருவர் உயிரிழந்தார். இவற்றைக் கொண்டு பழைய ரயில்களே பாதுகாப்பானவை என்று முடிவுகட்டுவது தவறு. வயதான வண்டிகள் வழியில் நின்றதும் உண்டு. ஆனால் மூடிய பெட்டி, பயணி தன் கையால் எதையும் செய்ய முடியாத பெட்டி என்ற அச்சம் அந்த நாள்களில் பிறந்தது. அந்த அச்சத்தின் மறுபக்கமாகவே காற்று புகுந்த பெட்டியின் நினைவு இனித்தது.

ஓய்வுக்குப் பின்

சீனாவின் தாலியனில் தயாரான ரயில் 2019இல் கொல்கத்தா வந்து, நீண்ட சோதனைகளுக்குப் பின் 2023 மார்ச்சில் பயணிகளை ஏற்றியது. கிழக்கு–மேற்குத் தடத்தில் பெங்களூரின் பி.இ.எம்.எல். ரயில்கள் ஓடுகின்றன. 2024 மார்ச் முதல் அவை ஹூக்ளி ஆற்றின் அடியில் ஏறத்தாழ 520 மீட்டரைக் கடந்து ஹவுராவை எஸ்பிளனேடோடு இணைக்கின்றன. ஆற்றின் அடியில் போகிறோம் என்பதைப் பயணி சுரங்கத்தில் தெரியும் நீல ஒளியால்தான் அறிகிறார். ஒலியோ காற்றோ அவருக்கு எதையும் சொல்வதில்லை.

பழைய தொடர்வண்டியின் ஒரு பெட்டியைக் காட்சிக்கு வைத்தால் அதன் வரலாறு காப்பாற்றப்பட்டுவிடுமா? இருக்கையும் கைப்பிடியும் மிஞ்சும். குளிர்வித்த சுரங்கம் இல்லாத இடத்தில் அந்தப் பெட்டி ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்பது விளங்காது. முன்மாதிரி இல்லாத ஒன்றை வெல்டிங் செய்து, பூட்டி, சோதித்து அனுப்பியவர்களின் அனுபவமும் அதில் இராது.

அந்த ரயில்களின் நினைவில் ஒரு பகுதி தமிழ்நாட்டில் இருக்கிறது. அயனாவரம், வில்லிவாக்கம், பெரம்பூர்ப் பகுதிகளில் வாழும் ஐ.சி.எஃப். ஓய்வூதியர்களில் கொல்கத்தா மெட்ரோப் பெட்டிகளில் வேலை செய்தவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். இன்னொரு பகுதி கொல்கத்தாவிலேயே, காளிகட் நிலையத்துக்கு அருகில் லேக் மார்க்கெட் வட்டாரத்தில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களிடம் இருக்கிறது. 1986இல் காளிகட் நிலையம் திறந்தபோது அவர்களின் வீட்டு வாசலுக்கு வந்தது சென்னையில் கட்டிய ரயில்.

வாய்மொழி வரலாற்றில் ஈடுபாடுள்ள மாணவர்களும் தொழிற்சங்கத் தோழர்களும் இந்த இரு தரப்பினரையும் தேடிப் போக வேண்டும். வரைபடம், பணி அட்டை, குழுப் புகைப்படம், பழைய பயணச்சீட்டு எது கிடைத்தாலும் படியெடுங்கள். அவர்கள் பேசுவதை அவர்கள் சொல்லிலேயே பதிவுசெய்யுங்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே அவரருகில் உட்கார்ந்து கேட்கத் தொடங்குங்கள்.