ஆண்டுக் கணக்கா, ஒருநாள் கூத்தா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அலைச்சறுக்குப் போட்டியை மட்டும் பாரிசிலிருந்து 15,000 கிலோமீட்டருக்கும் அப்பால், தாஹிதித் தீவின் தெயாஹுபோவில் நடத்தினார்கள். பள்ளியில் படித்த பிரெஞ்சு இன்னும் காதில் ஏறுகிறதா என்று பார்க்கத்தான் வர்ணனையைக் கேட்க உட்கார்ந்தேன். அந்தத் தீவுப் பையன் கவுலி வாஸ்த் பிரான்சுக்காகத் தங்கம் வாங்கினான். அதற்குப் பிறகு இந்த விளையாட்டின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். காலமெல்லாம் பதிவேடு எழுதியவன் அல்லவா, அலையைவிட அதன் கணக்குதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

உலகச் சாம்பியன் யார் என்பதை முதலில் ஒரே போட்டியில் முடிவு செய்தார்கள். 1964இல் சிட்னியின் மேன்லி கடற்கரையில் நடந்தது அப்படிப்பட்டதுதான். 1968இல் போர்ட்டோ ரிக்கோவில் அதே பட்டத்தை வென்றவர் ஹவாய்க்காரர் ஃப்ரெட் ஹெம்மிங்ஸ். அவரும் ராண்டி ராரிக்கும் சேர்ந்து 1976இல் தொழில்முறை வீரர்களுக்கு ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு பல நாடுகளில் தனித்தனியாகப் பரிசுப்பணப் போட்டிகள் நடந்திருந்தன. அவற்றின் முடிவுகளை எல்லாம் திரட்டி, புள்ளி போட்டு, ஆண்டுக் கடைசியில் கூட்டிப் பார்த்தார்கள். முதலிடம் ஆஸ்திரேலியாவின் பீட்டர் டவுனெண்டுக்கு வந்தது. அந்த ஆண்டு அவர் ஒரு போட்டியில்கூட முதல் பரிசு வாங்கியிருக்கவில்லை! எல்லா இடத்திலும் தவறாமல் மேலே வந்திருந்தார், அவ்வளவுதான். எங்கள் காலத்து ஊழியர்களுக்கு இது புரியும்.

மறு ஆண்டே பெண்களுக்கும் பட்டம் வந்தது. முதலில் பெற்றவர் மார்கோ ஓபர்க். 1983இல் இயன் கெய்ர்ன்ஸ் தொடங்கிய சங்கம் பொறுப்பை எடுத்துக்கொண்டது. 2015இல் அதுவே உலக சர்ஃப் லீக் என்று பெயர் மாறியது. ஆண், பெண் இருவருக்கும் சமப் பரிசுப்பணம் 2019இல்தான்.

ஒரு சுற்றில் பெரும்பாலும் இருவர் மோதுவார்கள். ஐந்து நடுவர்கள் ஒவ்வொரு அலைக்கும் பத்துக்கு மார்க் போடுவார்கள். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தள்ளிவிட்டு, நடுவில் உள்ள மூன்றுக்குச் சராசரி. யார் எத்தனை அலை ஏறினாலும் சிறந்த இரண்டுதான் கணக்கில் சேரும். கடல் அடங்கிக் கிடந்தால் எல்லோரும் நாள்கணக்கில் கரையில் காத்திருக்க வேண்டும். ஒரு போட்டியில் அலை ஏமாற்றினாலும் இன்னொன்றில் ஈடுகட்டலாம் என்பதுதான் ஆண்டு முழுக்கக் கூட்டும் முறையில் இருந்த நியாயம். கெல்லி ஸ்லேட்டர் 1992இல் 20 வயதில் தொடங்கி 2011இல் 39 வயது வரை 11 பட்டங்கள் சேர்த்தது இந்த முறையில்தான்.

2021இல் இதை மாற்றினார்கள். ஆண்டுப் பட்டியலில் முதல் ஐந்து பேரை ஒரே கடற்கரையில், ஒரே நாளில் மோதவிட்டுப் பட்டம். ஐந்தாமவர் நான்காமவரோடு மோத வேண்டும். ஜெயிப்பவர் படிப்படியாக மேலே போய், கடைசியில் முதலிடக்காரரைச் சந்திக்க வேண்டும். தொலைக்காட்சிக்கு இது நல்ல விருந்து.

முதல் ஆண்டில் பட்டியலிலும் முதலிடம், பட்டமும் அவருக்கே என்று தப்பித்தார் ஹவாய்ப் பெண் கரிசா மூர். 2022இலும் பட்டியலில் முதலிடம் அவர்தான். ஆனால் கலிஃபோர்னியாவின் லோயர் டிரெஸ்டில்ஸில் அன்று ஐந்தாம் இடத்திலிருந்து புறப்பட்ட ஸ்டெஃபனி கில்மோர், ரியூனியன் தீவின் ஜொஹான் தெஃபே உட்பட மூவரை வரிசையாகத் தாண்டி, கடைசியில் மூரையும் வீழ்த்தினார். கில்மோருக்கு அது எட்டாவது பட்டம், பெண்களில் புதிய சாதனை. அன்று அவர் சறுக்கியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2023இலும் மூர் முதலிடத்தில் வந்து, கரோலின் மார்க்ஸிடம் தோற்றார்.

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பழைய கூட்டல் முறையே நீடித்திருந்தால் மூருக்கு ஐந்துக்குப் பதில் ஏழு பட்டங்கள். கில்மோரும் ஏழோடு நின்றிருப்பார்.

2026 முதல் ஒருநாள் இறுதி வேண்டாம், ஆண்டுக் கூட்டலே போதும் என்று லீக் அறிவித்துவிட்டது. கடைசிப் போட்டி ஹவாயின் பைப்லைனில். அதற்கு மட்டும் புள்ளி ஒன்றரை மடங்கு. 1976இல் முடிந்துபோன போட்டிகளுக்குப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பட்டம் கொடுத்தார்கள். மூரின் அந்த இரண்டு ஆண்டுகளுக்கு அப்படி எந்தச் சலுகையும் இல்லை.