சீவலப்பேரியும் சீவலும்



போன வாரம் வீட்டில் உருளைக்கிழங்கு சிப்ஸ் போட்டேன். நொறுங்கவில்லை, வளைந்தது. பேத்தி, "சீவலப்பேரியில இருந்துகிட்டு சீவல் போடத் தெரியலையே தாத்தா" என்று சிரித்தாள். ஊர்ப் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஸ்ரீவல்லப பாண்டியன் பெயரால் வந்த பேரேரிதான் மக்கள் வாயில் சீவலப்பேரி ஆயிற்று. ஆனால் அவள் சிரிப்பில், வகுப்பில் நான் உங்களுக்குச் சொன்ன ஒரு பிழை ஞாபகம் வந்தது.

1853. அமெரிக்காவில் சாரடோகா ஸ்பிரிங்ஸ் என்ற ஊர். கிழங்கு தடிமனாக இருக்கிறதென்று ஒருவர் தட்டைத் திருப்பி அனுப்ப, சமையல்காரர் ஜார்ஜ் கிரம் கோபத்தில் தாள்போல் சீவிப் பொரித்தார், சிப்ஸ் பிறந்தது. எத்தனை வருடம் இதைச் சொல்லியிருப்பேன்! கிரம் நிஜமான ஆள்தான், பேர்பெற்ற சமையல்காரர்தான். ஆனால் 1817-லேயே லண்டனில் வில்லியம் கிட்சினர் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் கிழங்கைச் சீவிப் பொரிக்கும் முறை இருக்கிறது. சீவியதைத் துணியில் ஒற்றி ஈரம் போக்கவேண்டும் என்றும் அதில் உண்டு. நான் விட்டது அதைத்தான்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று. அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த உங்கள் தூக்குச்சட்டியிலேயே மிதுக்க வற்றல் இருந்தது. அதைப் பற்றி ஒரு நாளும் நான் பேசவில்லை.

பங்குனி, சித்திரையில் நம் மொட்டை மாடிகளில் ஓலைப்பாய் விரிந்துவிடும். கத்தரிக்காய், வெண்டைக்காய், சுண்டைக்காய். சீனியவரைக்காயை உப்புத் தண்ணீரில் அரைவேக்காடாக வேகவைத்து உலர்த்துவார்கள். மிதுக்கங்காயைக் கீறி உப்பு மோரில் ஊறப்போட்டு, பகலில் காயவைத்து, சாயங்காலம் அதே மோரில் திரும்பப் போடுவார்கள். மோர் வற்றும்வரை இதே வேலை. காக்கா விரட்ட ஒரு சின்னப் பிள்ளை, கையில் குச்சி.

காரணம் கணக்கானது. உருளையில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். எண்ணெய்தான் அதை ஆவியாக்கவேண்டும், சட்டியில் எழும் குமிழி அதுதான். ஈரமாகவோ அதிகமாகவோ போட்டால் எண்ணெய்ச் சூடு இறங்கித் துண்டு துவண்டுபோகும். வற்றலிலோ முக்கால் வேலையை வெயில் முடித்துவிடுகிறது. கொஞ்சம் எண்ணெயில் சில விநாடி போதும். செக்கெண்ணெயைத் தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும் பொத்திவைத்த வீடுகள் அல்லவா! உருளையின் தாய்மண்ணான ஆண்டீஸ் மலையிலும் கிழங்கை இரவுப் பனியில் உறையவைத்து, மிதித்து, வெயிலில் காயவைத்துச் சேமித்தார்கள்.

எல்லாமே பழசு என்றும் சொல்லமாட்டேன். மோர் மிளகாயின் மிளகாய் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. மரச்சீனியும் தென்னமெரிக்கச் சரக்குதான். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். செங்கோட்டை 1956 வரை அந்தப் பக்கம்தானே இருந்தது. குற்றாலச் சீசனில் மரச்சீனி சிப்ஸும் நேந்திரங்காய் சிப்ஸும் சுடச்சுடப் போடும் கடைகளைத் தாண்டித்தான் சிற்றாறு நம்மூருக்கு வந்து தாமிரபரணியில் கலக்கிறது.

நேற்று துணியில் ஒற்றி, கொஞ்சங்கொஞ்சமாகப் போட்டேன். நொறுங்கியது. மிதுக்க வற்றலுக்கு உப்பும் மோரும் என்ன அளவு என்று மட்டும் பிடிபடவில்லை. வீட்டில் ஆச்சி இருப்பவர்கள் கேட்டுக் கீழே எழுதுங்கள். ஆச்சி பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.